ஷெல்லாக் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு பத்து ஆண்டு கழித்து வெளியிட்ட 'டு ஆல் டிரெய்ன்ஸ்' ஆல்பம் எப்படி? இந்தக் குழுவை இதுவரை கேட்காதவர் இதிலிருந்து தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். மொத்தமே 10 பாட்டு, 28 நிமிடம். பிடிக்காவிட்டால் போனது அரை மணி நேரம்தான்.

பத்து ஆண்டு இடைவெளி என்றதும் குழு நடுவில் உடைந்துபோய் மறுபடி ஒட்டிக்கொண்டது என்று நினைத்துவிட வேண்டாம். 1992இல் சிகாகோவில் ஆரம்பித்த அதே மூன்று பேர்தான் கடைசிவரை. கிட்டாரும் குரலும் ஸ்டீவ் அல்பினி, பேஸ் கிட்டார் பாப் வெஸ்டன், டிரம்ஸ் டாட் டிரெய்னர். இசைக்குழுவை வைத்துப் பிழைக்க வேண்டிய கட்டாயம் இவர்களுக்கு இருந்ததில்லை. அல்பினிக்கு ஒலிப்பதிவுக் கூடம், வெஸ்டனுக்கு மாஸ்டரிங் வேலை, அதாவது பதிவான பாட்டுக்கு வெளியிடும் முன் கடைசி மெருகு கொடுப்பது. டிரெய்னர் இருப்பதோ மினியாபொலிஸில். மூவருக்கும் ஒத்துவரும்போது கூடி வாசிப்பார்கள், அவ்வளவுதான். அதனால்தான் 2000க்குப் பிறகு ஆல்பம் வந்த ஆண்டுகள் 2007, 2014, 2024 என்று போகின்றன. 'டு ஆல் டிரெய்ன்ஸ்' பதிவானது 2017 நவம்பர், 2019 அக்டோபர், 2021 செப்டம்பர், 2022 மார்ச் என நான்கு தவணைகளில். லீவு கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டும் மாதச் சம்பளக்காரர் கணக்குதான்.

சரி, பாட்டு எப்படி இருக்கும்? இவர்கள் வாசிப்பது நாய்ஸ் ராக், இரைச்சலையே இசையாக்கும் ராக் வகை. அந்தப் பெயரைக் கேட்டாலே காது கிழியும் சத்தம் என்று பயப்படுவார்கள். ஷெல்லாக்கில் சத்தத்தைவிட இடைவெளிதான் அதிகம். ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம் செட். கீபோர்டு இல்லை, அடுக்கடுக்கான குரல்கள் இல்லை, வெற்றிடத்தை நிரப்ப எதுவுமே இல்லை. அல்பினி வாசித்த டிராவிஸ் பீன் கிட்டாரின் கழுத்து அலுமினியம், மீட்டும் பிக் உலோகம். தகரத்தை அறுப்பது போன்ற அந்தக் கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது. வெஸ்டனின் பேஸ் அதற்குக் கீழே தடித்து உறுமும். இரண்டுக்கும் நடுவில் டிரெய்னர் ஓங்கி அடிப்பார், நிறுத்துவார், அடுத்த அடி எப்போது விழும் என்று நம்மைக் காக்க வைப்பார். மேடையிலும் அவர் பின்னால் ஒளிந்திருக்க மாட்டார். டிரம்ஸ் முன்வரிசையில், மற்ற இருவருக்கும் சமமாக இருக்கும். (பாட்டுகளுக்கு நடுவே வெஸ்டன் மைக்கில் "கேள்வி ஏதாவது இருக்கா?" என்று கூட்டத்தைக் கேட்பதும் இவர்கள் கச்சேரியின் வழக்கமாக இருந்தது. பதில்கள் பெரும்பாலும் நக்கல்தான்.)

ஹெட்போனில் கேட்டால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்னேர் டிரம் அடித்ததும் சத்தம் சட்டென்று சாகாது, அந்த அறைச் சுவர்களில் பட்டுத் திரும்புவது ஒரு கணம் கேட்கும். அல்பினியின் கைவண்ணம் அது. டிரம்ஸுக்குப் பக்கத்தில் மட்டுமல்லாமல் அறையிலும் தள்ளி மைக் வைப்பார், டேப்பில் பதிவு செய்வார், பிறகு அதன்மேல் அதிகம் கை வைக்க மாட்டார். நிர்வாணாவின் 'இன் யூட்டரோ', பிஜே ஹார்வியின் 'ரிட் ஆஃப் மீ', பிக்ஸீஸின் 'சர்ஃபர் ரோசா' ஆகிய ராக் ஆல்பங்கள் எல்லாம் அவர் பதிவு செய்தவைதான். தன்னை யாரும் புரொடியூசர் என்று அழைப்பது அவருக்குப் பிடித்ததில்லை. குழாய் ரிப்பேர் செய்பவருக்குக் கொடுப்பதுபோலச் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும், விற்பனையில் பங்கு வேண்டாம் என்று நிர்வாணாவுக்குக் கடிதமே எழுதினார். 'இன் யூட்டரோ' விற்ற விற்பனைக்கு அவர் விட்டுக்கொடுத்த தொகை எவ்வளவு இருக்கும் என்று நினைத்தால் நமக்குத் தலை சுற்றும்!

இனி சொல்லத் தயக்கமான விஷயம். இந்த ஆல்பம் வெளிவந்தது 2024 மே 17. அதற்குப் பத்து நாள் முன்பு, மே 7 அன்று, அல்பினி மாரடைப்பில் இறந்துபோனார். வயது 61. அதனால் பலரும் இதை அவருடைய மரண சாசனமாகவே கேட்டார்கள். கடைசிப் பாட்டின் தலைப்பு வேறு 'ஐ டோன்ட் ஃபியர் ஹெல்'. நரகம் என்று ஒன்று இருந்தால் அங்கே எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்ற தோரணையில் போகும் பாட்டு. கேட்டால் சிலிர்க்கத்தான் செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2022 மார்ச்சிலேயே பதிவு முடிந்துவிட்டது. ஆல்பம் வருகிறது என்ற அறிவிப்பும் அவர் உயிரோடு இருந்தபோதே வந்ததுதான். சாகப்போகிறோம் என்று தெரிந்து பாடிய பாட்டில்லை அது. முப்பது வருடமாகச் செய்துவந்த அதே நக்கல். அதைச் சோகப்பாட்டாக்கினால் பாதி ஆல்பத்தின் சிரிப்பு காதில் விழாது.

அந்தச் சிரிப்புக்கு உதாரணம் 'ஸ்கேபி த ராட்'. அமெரிக்காவில் தொழிற்சங்கத்தை ஒதுக்கிவிட்டு வேலை நடக்கும் கட்டடங்களுக்கு எதிரே, போராட்டக்காரர்கள் காற்றடைத்த ராட்சத எலி பொம்மையை நிறுத்துவார்கள். பல்லை இளித்துக்கொண்டு, வயிற்றில் கொப்புளங்களோடு நிற்கும். சிகாகோவில் பிறந்த அந்த எலிக்குத்தான் சிகாகோ குழு ஒன்று பாட்டுக் கட்டியிருக்கிறது. 'வென்ஸ்டே' இதற்கு நேர் எதிர். மெதுவாக, இருட்டாக ஊர்ந்துபோகும். எனக்கு ஆல்பத்தில் பிடித்தது அதுதான். நடுவில் ஓரிரு பாட்டுகள் பழைய ஷெல்லாக்கை இன்னொரு முறை வாசித்தது போலத்தான் இருக்கின்றன. இதற்கு முந்தைய 2014 ஆல்பமான 'ட்யூட் இன்க்ரெடிபிள்' இதைவிடக் கச்சிதம் என்பேன்.

அல்பினியைப் பற்றித் தேடினால் இளவயதில் அவர் வைத்த குழுப் பெயர்களும் எழுதிய வரிகளும் கண்ணில் படும். சில அருவருப்பானவை. அதிர்ச்சி கொடுப்பதே சாமர்த்தியம் என்று நினைத்த காலம் அது. பிற்காலத்தில் அவர் சப்பைக்கட்டு கட்டவில்லை. தன் தவறுதான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்காக மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் இஷ்டம்.

இது பிடித்துப்போனால் அடுத்து 1994இல் வந்த முதல் ஆல்பம் 'அட் ஆக்‌ஷன் பார்க்', அப்புறம் '1000 ஹர்ட்ஸ்' கேளுங்கள். 2007 ஆல்பத்தின் முதல் பாட்டான 'தி எண்ட் ஆஃப் ரேடியோ'வை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். எட்டு நிமிடத்துக்கும் மேல், பேஸ் கிட்டார் நகரவே நகராது. காது பழகியவர்களே அதில் பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள்.