யாழ்ப்பாணம் – கிளிநொச்சி: வேலைக்குப் போகும் வான் குழுவில் பொறுப்புகளை எப்படிப் பிரிப்பது?

முதலில் ஒன்று: வான் ஓடுபவரிடம் காசுக் கணக்கைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான குழுக்கள் குழம்புவது இங்கேதான். டீசல் பற்றுச்சீட்டுகளை வேறொருவர் சேர்த்து, மாத முடிவில் எல்லோருக்கும் காட்டட்டும்.

பங்கை நாளுக்கல்ல, இருக்கைக்கு மாதக்கணக்கில் வையுங்கள். ஒருவர் லீவில் நின்றாலும் ஏ9 வீதியில் எரியும் டீசல் குறையாது. நாட்கணக்கில் கழித்தால் மிச்சப்பேர் சுமக்க வேண்டிவரும். டயர், சேர்விஸுக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள்.

மாற்றுச் சாரதி கட்டாயம். அவரது அனுமதிப்பத்திரத்தில் அந்த வானுக்குரிய வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

காசு வாங்கி ஆட்களை ஏற்றுவதைத் தனியார் பாவனைக் காப்புறுதி ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு எடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

வராதவர் முதல்நாள் இரவே அறிவிக்க வேண்டும். காலையில் 3 நிமிடத்துக்கு மேல் காத்திருப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள்.