பட்டறைப் பதில்கள்: பழைய எம்ஜிபிக்கு ஃபைபர் பம்பர்

கேள்வி: அண்ணாச்சி, எங்க பெரியப்பா வாங்கி வச்சிட்டுப் போன 1972 மாடல் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வீட்ல நிக்கு. இன்ஜின், பிரேக் எல்லாம் ஓரளவு சரி பண்ணியாச்சு. பின்னாடி குரோம் பம்பர் மட்டும் உள்பக்கமா துரு தின்னு ஓட்டை விழுந்துட்டு. தகரத்துல அடிச்சுத் தாரேன்னு ஒரு டிங்கர் சொல்லுதாரு. எனக்கு என்னமோ பாடியோட சேந்த மாதிரி ஒரே பீஸா ஃபைபர்ல பண்ணணும்னு ஆசை. தெர்மாகோல்ல செதுக்கி மேல ஃபைபர் ஒட்டிரலாம்னு ஒரு வீடியோல பாத்தேன். அது சரியா வருமா, எத்தன லேயர் போடணும், ஆர்டிஓ ஆபீஸ்ல ஏதும் பிரச்சினை வருமா?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிருதேன் தம்பி, ஏன்னா அதப் பொறுத்துதான் மத்த வேலையே. 50 வருஷம் தாண்டின வண்டிய விண்டேஜ்னு தனியா பதிஞ்சுக்கிடலாம்னு 2021ல விதி வந்துச்சு, நம்பர்ல விஏன்னு எழுத்து வரும், புதுசா பதிய 20,000 ரூபா, 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனா சேஸ், பாடி ஷெல், இன்ஜின் இதுலயெல்லாம் பெருசா கை வைக்காத வண்டியா இருக்கணும். அந்த நம்பர வாங்கிட்டா தெனமும் ஜங்ஷனுக்கு காப்பி குடிக்க எடுத்துட்டுப் போக முடியாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்கன்னு அதுக்கு மட்டுந்தான். விண்டேஜ் வேண்டாம், சாதா ரிஜிஸ்ட்ரேஷனே போதும்னாலும் ஆர்சில இருக்க விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கு, அதனால ஆரம்பிக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.

நான் சொல்லுதது இதுதான், பாடியில புதுசா ஒரு ஓட்டை கூட போடாதீங்க. பழைய பம்பர் எந்த போல்ட்ல நின்னுச்சோ அதே போல்ட்ல புதுசும் நிக்கணும், என்னைக்கு வேணும்னாலும் கழட்டிட்டு பழசத் திருப்பி மாட்டுற மாதிரி. துருப்பிடிச்ச அந்த குரோம் பம்பர பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுறாதீங்க, சாக்குல சுத்தி பரண்ல வைங்க.

சரி, தெர்மாகோல். நீங்க பாத்த வீடியோல எபாக்ஸி ரெசின் (ரெசின்னா ஃபைபர ஒட்டி இறுக்குற பிசின்) வச்சுப் பண்ணிருப்பாங்க. நம்மூர்ல கடையில ஃபைபர் ரெசின்னு கேட்டா பாலியெஸ்டர்தான் குடுப்பாங்க, அதுல ஸ்டைரீன்னு ஒரு கரைப்பான் இருக்கு, தெர்மாகோல் மேல பட்ட உடனே தின்னுரும், நீங்க நாள் பூரா செதுக்குனது கண்ணு முன்னாடியே குழிஞ்சு போயிரும். எபாக்ஸி வாங்கிட்டாலும் சாதா சாப்டு மேட் (துண்டு துண்டா வெட்டுன கண்ணாடி இழை விரிப்பு) அதோட சரியா சேராது, அந்த மேட்ல இழைகளப் பிடிச்சிருக்க பசை ஸ்டைரீன்லதான் கரையும். அதனால பியூ (பாலியூரிதேன்) ஃபோம் வாங்குங்க, பாலியெஸ்டர் அத ஒண்ணும் செய்யாது.

இன்னொண்ணு, ஃபோம் மேல நேரடியா ஃபைபர் ஒட்டி அதையே பம்பரா மாட்டிரலாம்னு நெனைக்காதீங்க. வெளிப்பக்கம் கரடுமுரடா வரும், அப்புறம் பட்டி மேல பட்டி அப்பணும், கொஞ்ச நாள்ல வெயில்லயும் அதிர்வுலயும் பட்டி வெடிக்கும். உருவம் ஒண்ணு செய்யணும், அதுல இருந்து மோல்டு (அச்சு) எடுக்கணும், மோல்டுக்குள்ள பம்பர் போடணும், மூணு வேலை. ரெசின் டப்பாவத் திறக்குததுக்கு முன்னாடியே முக்காவாசி வேலை முடிஞ்சிருக்கணும், ஆளுக தப்பு பண்ணுறதே இங்கதான், எல்லாருக்கும் ரெசின் கலக்குறதுலதான் ஆசை.

உருவத்த வண்டியிலயே வச்சு செய்யுங்க. பாடிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி பாலிதீன் மூடிட்டு, பழைய பம்பர் போல்ட்ல எம்எஸ் ஃப்ளாட் (இரும்புப் பட்டை) ரெண்டு மாட்டி அதுமேல ஃபோமக் கட்டி, ஆக்ஸா பிளேடும் அரமும் வச்சு செதுக்குங்க. ஒரு பக்கத்த முடிச்சு அட்டையில டெம்ப்ளேட் வெட்டி அதத் திருப்பி அடுத்த பக்கம் பிடிச்சுப் பாருங்க, ஆனா பழைய வண்டியில ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்குன்னு நம்பிறாதீங்க, என்னைக்கோ எவனோ இடிச்சுத் தட்டி எடுத்துருப்பான். பாடிக்கும் பம்பருக்கும் நடுவுல சுத்தி அஞ்சாறு மில்லிமீட்டர் இடைவெளி ஒரே சீரா விடுங்க, ஒட்டுன மாதிரி இருக்கட்டும்னு விட்டா பெயிண்ட உரசித் தின்னுரும். நம்பர் பிளேட், அதோட லைட்டு எங்க வருதுன்னும் இப்பவே பாத்துக்கிடணும்.

ஃபோம் மேல ஒரு லேயர் ஃபைபர் போட்டு, பட்டி பாத்து, 80 நம்பர் பேப்பர்ல ஆரம்பிச்சு 600 வாட்டர் பேப்பர் வரைக்கும் தேய்ச்சு, பெயிண்டும் அடிச்சு பளபளன்னு ஆக்கணும். ராத்திரி ஒரு டியூப்லைட்டுக்குக் கீழ வச்சு, அந்த வெளிச்சக் கோடு உருவத்து மேல எப்படி ஓடுதுன்னு தலையச் சாச்சுப் பாருங்க. கோடு நேரா வழுக்கிட்டுப் போனா சரி, எங்கயாச்சும் நெளிஞ்சா அங்க பள்ளம் இருக்கு. கையில தடவுனா தெரியாத பள்ளமெல்லாம் டியூப்லைட்டுக்குத் தெரியும், இதுல விட்ட பள்ளம் மோல்டுலயும் வரும், மோல்டுல இருந்து எடுக்குற ஒவ்வொரு பம்பர்லயும் வரும்.

மோல்டு ஒரே பீஸா போட்டா மாட்டிக்கிடும், ஏன்னா பம்பர் ரெண்டு மூலையிலயும் வளைஞ்சு சக்கரத்துப் பக்கம் போகுது. நடுவுல பிரியுற மாதிரி ரெண்டு பீஸா போடுங்க. உருவத்து நடுவுல சன்மைக்கா துண்டு ஒண்ண தடுப்பா நிறுத்தி ஒரு பக்கம் முதல்ல, அது காஞ்ச பிறகு தடுப்ப எடுத்துட்டு அந்த விளிம்புலயும் மெழுகு போட்டு மறுபக்கம், ரெண்டு விளிம்பையும் சேத்து போல்ட் போட ஓட்டை. மெழுகு அஞ்சாறு தடவை போட்டுத் துடைக்கணும், அதுக்கு மேல பிவிஏன்னு தண்ணியில கரையுற, ஒட்டாம இருக்க அடிக்குற திரவம் ஒரு கோட்டு அடிச்சு காய விடணும். இதுல கஞ்சத்தனம் பண்ணா எண்ணெய் தடவாத பணியாரக் குழி மாதிரிதான், பேத்துத்தான் எடுக்கணும்.

இப்ப ரெசின். இங்க ஒரு ஆபத்து இருக்கு, நல்லாக் கேட்டுக்கிடுங்க. நம்மூர்ல ரெசின் தனியா, ஊதா கலர்ல கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியா, தண்ணி மாதிரி, ரெசின இறுக வைக்குற எம்ஈகேபி கேட்டலிஸ்ட் தனியான்னு மூணு டப்பாவா வரும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியா ஒண்ணா ஊத்தவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதல்ல ரெசின்ல கோபால்ட்ட விட்டு நல்லாக் கலக்கணும், அதுக்கப்புறம்தான் கேட்டலிஸ்ட். அளக்குற சிரிஞ்ச கூட ரெண்டுக்கும் தனித்தனியா வைங்க. கேட்டலிஸ்ட் கண்ணுல தெறிச்சா பார்வையே போயிரும், அதனால கண்ணாடி போடாம டப்பா மூடியத் தொடாதீங்க, தப்பித் தவறித் தெறிச்சா கால் மணி நேரம் பச்சத்தண்ணியில கழுவிக்கிட்டே இருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அளவு, ரெசின் எடையில 1 சதவீதத்துல இருந்து 2 சதவீதம் கேட்டலிஸ்ட்னு சொல்லுவாங்க. பாளையங்கோட்டை சித்திரை வெயிலுக்கு 1 சதவீதமே போதும், அரை கிலோ ரெசினுக்கு 5 கிராம். அரை கிலோவுக்கு மேல ஒரே நேரத்துல கலக்காதீங்க, மக்குல கிடந்தா அதுவே சூடாகி புகை வர ஆரம்பிச்சுரும், மிச்சத்த குப்பைத்தொட்டியில கொட்டாம தகரத்து மேல பரப்பி விடுங்க. விடியக்காலம் வெயில் ஏறுததுக்குள்ள லேயர் போடுறதுதான் நல்லது. மழை நேரம் வேண்டாம், ஈரம் பட்ட மேட்டு ரெசினக் குடிக்காது.

மோல்டுக்குள்ள முதல்ல ஜெல்கோட் (வெளிப்பக்கம் வழவழன்னு வர்ற கெட்டி ரெசின் பூச்சு), அரை மில்லிமீட்டர் கனத்துக்கு. விரல வச்சா பிசுபிசுன்னு இருக்கணும், விரல்ல ஒட்டி வரக்கூடாது, அப்பத்தான் அடுத்தது. பிறகு 300 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஒரு லேயர், 450 கிராம் மேட் ரெண்டு லேயர், மூணு மில்லிமீட்டர் கிட்ட வந்துரும், பம்பருக்கு அது போதும். பம்பர் பரப்பு அரை சதுர மீட்டர்னு வச்சா மேட்டு 600 கிராம், அதுக்கு ரெண்டு, ரெண்டரை மடங்கு ரெசின், அதாவது ஒண்ணேகால், ஒண்ணரை கிலோ, சேதாரத்தோட ரெண்டு கிலோ வாங்கி வைங்க. மோல்டு இத விடக் கனமா வேணும், 450ல நாலஞ்சு லேயர், அதுக்கு ரெசின் தனியா மூணு கிலோ. மேட்டு வெள்ளையா இருக்கும், ரெசின் ஏற ஏற கண்ணாடி மாதிரி ஆயிரும், அங்கங்க வெள்ளை நின்னா உள்ள காத்து இருக்கு, வரி போட்ட இரும்பு ரோலர வச்சு நடுவுல இருந்து வெளிய பாத்து உருட்டுங்க. மூலையிலதான் காத்து நிக்கும், அங்க மேட்ட கத்திரியில வெட்டாம கையால பிச்சுப் போட்டா நல்லாப் படியும்.

ஓரத்த பிசினா இருக்கும்போதே, ரப்பர் பதத்துல, கத்தியில வெட்டி விட்டுருங்க, முழுசாக் காஞ்சா கிரைண்டர் வேணும், அந்தத் தூசி வேர்வையில பட்டா ரெண்டு நாளைக்கு அரிக்கும். முழுக்கை சட்டை, மாஸ்க் போட்டுக்கிடுங்க, முடிச்சதும் பச்சத்தண்ணியில குளிங்க, வெந்நீர் வேண்டாம். ஒரு நாள் முழுசா மோல்டுலயே கிடக்கட்டும், அவசரப்பட்டு எடுத்தா முறுக்கிக்கிடும். வராம அடம்பிடிச்சா ஓரத்துல தண்ணி விடுங்க, பிவிஏ கரைஞ்சு விட்டுக் குடுக்கும்.

போல்ட் வர்ற இடத்துல எம்எஸ் பிளேட்ட உள்ள வச்சு மேல ரெண்டு லேயர் போட்டு மூடுங்க, ஓட்டைய நீளவாக்குல போட்டு ரப்பர் வாஷர் குடுங்க. சைலன்சர் குழாய் கிட்டத்துல வர்ற இடத்துல நல்ல இடைவெளி விட்டு உள்பக்கம் அலுமினியத் தகடு அடிங்க, பாலியெஸ்டர் அந்தச் சூட்டுக்கு எளகிரும். அப்புறம் இது அழகுக்குத்தான், இடி தாங்காது, பின்னாடி ஒரு பைக் முட்டுனாலே நொறுங்கும். உங்க எம்ஜிபிக்கே 1974ல இருந்து அமெரிக்கச் சட்டத்துக்காக கறுப்பா பெரிய ரப்பர் பம்பர் போட்டாங்க, அதுக்குள்ளயும் இரும்பு இருந்துச்சு. நீங்களும் உள்ள ஒரு இரும்புப் பைப்ப பழைய போல்ட்லயே சேத்து மாட்டிக்கிடலாம்.

தனியாப் பண்ணப் பயமா இருந்தா கார் பட்டறைக்காரங்கள விட உவரி, இடிந்தகரைப் பக்கம் ஃபைபர் படகு ரிப்பேர் பாக்குறவங்களப் பாருங்க. உப்புக்காத்துலயும் வெயில்லயும் ரெசின் எப்படி நடந்துக்கிடும்னு அவுகளுக்குத்தான் தெரியும். உருவம் மட்டும் நீங்க செஞ்சு கொண்டு போங்க, கார் ஓரத்து நெளிவு சுளிவெல்லாம் அவுகளுக்கு வேண்டாத வேலை.

கேள்வி: பைக்குக்கு ஃபைபர்ல சைடு பேனல் போட்டேன் அண்ணாச்சி, மூணு நாளாச்சு, உள்பக்கம் இன்னும் பிசுபிசுன்னே இருக்கு. கேட்டலிஸ்ட் பத்தலையா?
(வாசகர், தென்காசி)

பதில்: நகத்த வச்சு அழுத்திப் பாருங்க. உள்ள கல்லா இருந்து மேல மட்டும் பிசுபிசுன்னா பயப்பட வேண்டாம், காத்து படுற பக்கம் பாலியெஸ்டர் அப்படித்தான் நிக்கும். அசிட்டோன்ல துடைச்சு லேசாத் தேய்ச்சுட்டு, மெழுகு கலந்த ரெசின் ஒரு கோட்டு அடிங்க. நகம் உள்ள இறங்குச்சுன்னா கேட்டலிஸ்ட் குறைவு இல்லன்னா சரியாக் கலக்கல, சாரல் நேரமா இருந்தா ஈரமும் சேந்துருக்கும். அத வெயில்ல வச்சுப் பாருங்க, தேறலன்னா சவத்தத் தூக்கிப் போட்டுட்டு புதுசாப் போடுங்க.

கேள்வி: என் ஃபைபர் பம்பர்ல கீறல் விட்டுருக்கு. எம்-சீல் வச்சு அடைச்சேன், திரும்பத் திரும்ப அதே இடத்துல விடுது.
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: வெளிய அடைச்சா நிக்காது. கழட்டி உள்பக்கம் கீறலுக்கு ரெண்டு பக்கமும் கையகலத்துக்கு சரிவாத் தேய்ங்க, கீறல் முனையில சின்னதா ஒரு ஓட்டை போட்டா அது மேல ஓடாது. பிறகு உள்ள இருந்து மூணு லேயர் மேட், ஒண்ண விட ஒண்ணு பெருசா. வெளிய பட்டியெல்லாம் கடைசியா.

கேள்வி: படகுக்கு வாங்குன பாலியெஸ்டர் ரெசின் ஒரு கேன் வீட்ல ஒரு வருஷமாக் கிடக்கு, காருக்குப் போடலாமா?
(வாசகர், ராதாபுரம்)

பதில்: ஆறு மாசம்தான் அதோட ஆயுசு, அதுவும் குளிர்ச்சியான இடத்துல வச்சா. குச்சிய விட்டுத் தூக்கிப் பாருங்க, ஜவ்வு மாதிரி இழுத்தா வேண்டாம். தண்ணியா ஒழுகுனா சின்னக் கிண்ணத்துல கொஞ்சம் கலந்து இறுகுதான்னு பாத்துட்டு மோல்டுக்கு வச்சுக்கிடுங்க, பம்பருக்குப் புதுசு வாங்குங்க.