பழைய வீட்டோடு புது அறை: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தேவகோட்டை பக்கம் தாத்தா கட்டிய வீடு. அம்மாவால் கொல்லை வரை நடக்க முடியவில்லை, பின்கட்டை ஒட்டி ஒரு அறையும் குளியலறையும் வேண்டும். பழைய சுவரையே ஒரு பக்கமாக வைத்தால் செலவு மிச்சம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பழைய சுவர் எப்போதோ மண்ணில் அமர்ந்து அடங்கிவிட்டது, புது அஸ்திவாரம் இனிமேல்தான் கொஞ்சம் இறங்கும், அப்போது கூடச் சேர்த்துக் கட்டியதையும் இழுக்கும், விரிசல் விழும், மழைத் தண்ணீர் உள்ளே போகும். அறையை நாலடி தள்ளித் தனிச் சுவரில் நிறுத்தி, இப்போது இருக்கும் பின்வாசலில் இருந்து ஒரு நடைவழி போட்டு இணையுங்கள், எதையும் உடைக்க வேண்டியிருக்காது. நடை பழைய சுவரைத் தொடும் இடத்தில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டுத் தகடு மூடுங்கள், தகட்டை ஒரு பக்கம் மட்டும் முடுக்குங்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன் ஒரு குழி வெட்டிப் பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள், அதை ஒட்டி அதைவிடக் கீழே போகவே கூடாது. அப்புறம், அம்மாவுக்காக என்றால் நடையில் படி வேண்டாம், சரிவாக விடுங்கள்.

கேள்வி: புது அறை கட்டிய கையோடு பழைய சுவருக்கும் சிமெண்ட் பூசினோம். உள்ளே பெயிண்ட் உப்பி, வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது.

பதில்: மண்ணில் இருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்துவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டது, ஈரம் உப்போடு உள்பக்கம் வருகிறது. மெஷின் வைக்காமல் உளியால் சிமெண்ட்டைச் செதுக்கி எடுங்கள், ஒரு கோடை முழுக்கக் காயட்டும், பிறகு சுண்ணாம்பும் மணலும் பூசலாம். வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

கேள்வி: புது அறையையும் பழைய வீடு மாதிரியே கட்ட வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. பழைய கட்டடத்தில் தவிர்க்க முடியாமல் சேர்ப்பது இந்தக் காலத்துடையது என்று தெரிய வேண்டும் என்றுதான் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964 வெனிஸ் சாசனமும் சொல்கிறது. கூரை பழைய தாழ்வாரத்தைவிட உயராமல் இருந்தால் போதும். தரைக்கு ஆத்தங்குடிக் கல் தாராளமாகப் போடுங்கள், இன்றும் கையால் செய்கிறார்களே.

கேள்வி: மெட்ராஸ் டெரஸ் மேல் ஒரு கான்கிரீட் அறை?

பதில்: கூடாது. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு விட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி போட்ட தளம், அந்த எடைக்குக் கட்டியதல்ல.

கேள்வி: முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடி ஹாலாக்கினால்?

பதில்: சூடான காற்று வெளியேறும் வழியே அதுதான் சார், மூடினால் சுற்றியுள்ள அறையெல்லாம் புழுங்கும். வெயில்தான் தொந்தரவு என்றால் இழுத்துவிடும் துணிப் பந்தல் போதும்.