சபைத் தலைமை ஆரோக்கியமானதா என்பதை எதைக் கொண்டு அறியலாம்?

ஒரு கிறிஸ்தவ சபையில் புதிதாகச் சேர நினைப்பவர், அதன் தலைமை ஆரோக்கியமானதா இல்லையா என்பதை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு சபைகளில் பல ஆண்டுகள் இருந்து, அவற்றில் ஒன்றை மனம் நொந்து விட்டு வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பிரசங்கத்தின் வல்லமையையோ, கூட்டத்தின் பெருக்கத்தையோ, போதகரின் கனிவான பேச்சையோ அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். இவை எல்லாம் சீர்கெட்ட தலைமையின்கீழும் இருக்கக்கூடும். அங்கே கேள்வி கேட்ட ஒருவருக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்பதை விசாரியுங்கள்.

நான் முதலில் இருந்த சபையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வயதான சகோதரி ஒருவர் எழுந்து, கட்டட நிதிக்கு வந்த காணிக்கையில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. தாம் கொடுத்த காணிக்கைகளின் ரசீதுகளை அடுக்கி ஓர் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். போதகர் கணக்கைச் சொல்லவில்லை. "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலிருங்கள்" என்ற வசனத்தைச் சொல்லி, ஜெபத்தோடு கூட்டத்தை முடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் அந்தச் சகோதரியிடம் நின்று பேச ஒருவரும் இல்லை. ஒரு மாதத்துக்குள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது. அன்று நானும் வாய் திறக்கவில்லை. அது இன்றுவரை என்னை வருத்துகிறது.

அந்த வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசிக்கப் பின்னாளில்தான் கற்றுக்கொண்டேன். வேதாகமத்தில் சங்கீதம் 105-இல் அது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரைக் குறித்துச் சொல்லப்படுகிறது. சொற்பத் தொகையினராய், பரதேசிகளாய், நாடு நாடாக அலைந்தவர்களை ஒடுக்க வேண்டாம் என்று ராஜாக்களுக்கு விடுக்கப்பட்ட எச்சரிப்பு அது. அதிகாரமற்றவர்களைக் காப்பதற்காகச் சொல்லப்பட்ட வார்த்தையை, அதிகாரத்தில் இருப்பவர் தம்மைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்துவதை நீங்கள் எங்கே கேட்டாலும், அங்கே மிகுந்த கவனத்தோடு இருங்கள்.

இதற்கு நேர்மாறான முன்மாதிரி அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறுமுறுத்தபோது, ஆதிச் சபையை நடத்திய அப்போஸ்தலர் அதைக் கலகம் என்று தள்ளிவிடவில்லை. சபையாரைக் கூட்டி, அந்தப் பணிக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தார்கள். அப்படித் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். குறை சொன்ன தரப்பினரிடமே உணவுப் பங்கீடு ஒப்படைக்கப்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். பவுலும் எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல், ஒருவரும் குறை சொல்லாதபடி, சபைகள் நியமித்தவர்களோடு கொண்டுபோக ஏற்பாடு செய்ததை 2 கொரிந்தியர் 8-இல் காணலாம்.

இப்போது நான் இருக்கும் சபையில் காணிக்கையை உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிடுகிறார்கள். தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்கள் வாங்கிப் பார்க்கலாம். ஒருமுறை சபை நிர்வாகத்தில் பங்குள்ள மூப்பர் ஒருவர் போதகரின் முடிவை எதிர்த்து வாக்களித்தார். அந்த வாரமும் வழக்கம்போல இருவரும் சேர்ந்தே நோயாளிகளைச் சந்திக்கப் போனார்கள். ஆயிரம் பிரசங்கங்களைவிட அந்தக் காட்சி எனக்கு அதிகம் சொன்னது.

விலகிப் போனவர்களைக் குறித்து எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். போனவர்கள் எல்லாரும் விசுவாசத்தில் பின்வாங்கிப்போனவர்கள் என்று சொன்னால், அவர்களில் இருவரையாவது தேடிப் பேசிவிட்டு முடிவெடுங்கள். போதகர் கண்டிப்பானவர் என்பதற்காக மட்டும் சபையைத் தவறாக எண்ண வேண்டாம். கண்டிப்பு அவருக்கும் அவர் வீட்டாருக்கும் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

குழந்தைகள் மீதோ பெண்கள் மீதோ பாலியல் அத்துமீறல் நடந்ததாகத் தெரிந்தால் மட்டும், மேற்சொன்ன விசாரிப்பு எதற்கும் காத்திருக்க வேண்டாம். "சபைக்குள்ளேயே தீர்த்துக்கொள்வோம்" என்று யார் சொன்னாலும், நேரே காவல்துறையிடம் போங்கள். பாதிக்கப்பட்டவரைத் தனியே விட்டுவிடாமல் உடன் இருங்கள்.