மெஜந்தா கோடு விடுபடுதா? ஹெட் கிளீனிங்கை முதலில் நிறுத்துங்கள்

வணக்கம் சகோ. பிரிண்டரில் தீபாவளி அட்டை அடிக்கும்போது மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு இங்க்) விடுபட்டு, சிவப்பு மஞ்சளடித்து, குறுக்கே வெள்ளைக் கோடும் விழுகிறது, திரும்பத் திரும்ப ஹெட் கிளீனிங் (இங்க் தெளிக்கும் ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்துகொள்வது) ஓட்டியும் சரியாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இனி ஓட்டாதீர்கள். ஒவ்வொரு தடவையும் நல்ல இங்க் உறிஞ்சப்பட்டு அடியிலுள்ள கழிவுப் பஞ்சுக்குத்தான் போகிறது, அது நிறைந்துவிட்டால் பிரிண்டரே வேலை செய்ய மறுக்கும்.

நாசில் செக் தாளை (ஹெட்டின் நுண்துளைகளில் இங்க் ஒழுங்காக வருகிறதா என்று காட்டும் சோதனைத் தாள்) இரண்டு முறை அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடம் விடுபட்டால் பெரும்பாலும் காய்ந்த இங்க் அடைப்பு. இடம் மாறி மாறி வந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும், உங்களுடையது எப்சன் டேங்க் மாடல், இத்தனை கிளீனிங் வேறு ஓட்டியிருக்கிறீர்கள், அதனால் எனக்குக் காற்றின் மேல்தான் சந்தேகம். டேங்கில் இங்க் கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரிண்டரை அணைத்து 12 மணி நேரம் சும்மா விடுங்கள். மறுநாள் ஒரே ஒரு கிளீனிங் போதும்.

அப்புறம், பட்டர்வொர்த்திலுள்ள உங்கள் கடையில் வேலை முடிந்த கையோடு சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னீர்களே, அதை முதலில் மாற்றுங்கள். பிரிண்டரின் பொத்தானில் அணைத்தால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் ஒழுங்காக உட்காரும். திடீரென்று மின்சாரம் போனால் மூடாமலே நின்று, ஏசி காற்றில் காய்ந்துவிடும்.

அடைப்பெடுக்க ஹெட்டுக்குள் ஊசியில் குழாய்த் தண்ணீர் ஏற்றுவது வேண்டவே வேண்டாம். கோடு போகாவிட்டால் இரண்டு தாளையும் படமெடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.