மாடித் தோட்டச் செடிகளுக்குக் கடல் கனிம உப்பும் பாறைத் தூளும் போடலாமா?

கடல் கனிம உப்பு, அதாவது கடல் நீரை வற்ற வைத்துச் செடிக்கென்று பாக்கெட்டில் விற்கும் உப்பு, வேண்டாம். பாறைத் தூள் சும்மா கிடைத்தால் போடுங்கள், ஆனால் இந்த வருடத் தக்காளிக்கு அது ஏதாவது செய்யும் என்று காத்திருக்காதீர்கள். நான் சென்னையில் மொட்டை மாடியில் போர் தண்ணீர் விட்டுச் செடி வளர்க்கிறேன், அதனால் இது தொட்டிச் செடிக்கான பதில்.

பாக்கெட்டில் "90 கனிமங்கள்" என்று போட்டிருப்பது பொய் இல்லை, கடல் நீரில் கிட்டத்தட்ட எல்லாமே இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு, அதில் சோடியமும் குளோரைடும் மட்டுமே 30 கிராம். மெக்னீசியம் 1.3 கிராம் போல வரும், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4. செடிக்கு முதலில் வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் பேருக்குத்தான். இரும்போ, நடுக்கடல் நீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூடத் தேறாது. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் நுண்பாசிகளே இரும்பு போதாமல் சரியாகப் பெருகுவதில்லை, அந்தக் கடலை வற்ற வைத்து நம் கறிவேப்பிலைக்கு இரும்பு கொடுக்கப் போகிறோமாம்!

ஊரில் தென்னைக்கு உப்பு போடுகிறார்களே என்று கேட்பீர்கள். தென்னை உப்பைத் தாங்கும் மரம், அதற்குக் குளோரைடு தேவையும்கூட, மிச்ச உப்பை மழை தரைக்குள் இறக்கிவிடும். தொட்டியில் அப்படி இல்லை, தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். போர் தண்ணீரே உப்பாக இருக்கிற வீட்டில் மேலும் உப்பு போட்டால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை ஓரம் கருகும். பீட்ரூட் கொஞ்சம் சமாளிக்கும், பீன்ஸ் முதல் ஆளாகப் படுத்துவிடும்.

பாறைத் தூள் விஷயத்தில் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. மகாராஷ்டிரத்துக் கரிசல் மண்ணே எரிமலைப் பாறை உதிர்ந்து உண்டானதுதான், ஆனால் அதற்கு எத்தனை ஆயிரம் வருடம் ஆகியிருக்கும்! நம் ஊர் கிரஷர் தூளில் பெரும்பாலும் கிரானைட் வகைக் கல், அதில் குவார்ட்ஸ் நிறைய, அதிலிருந்து செடிக்கு ஒன்றும் வராது. எரிமலைப் பாறைத் தூள், அதாவது பசால்ட், அதைவிட மேல், சீக்கிரம் கரையும். எதுவானாலும் மாவு மாதிரி நைசாக இருந்தால்தான் பிரயோஜனம், எம் சாண்ட் மாதிரி பரபரவென்று இருந்தால் அது மணல், அவ்வளவுதான். நேரே தொட்டியில் கொட்டாமல் மட்கும் உரக் குழியில் ஒரு கைப்பிடி தூவிவிடுங்கள், மட்கும்போது உண்டாகும் அமிலங்கள் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கும். தூவும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், இது விளையாட்டு இல்லை, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

கடலிலிருந்து ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் கடல்பாசித் திரவம் வாங்குங்கள். ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்க்கிறார்கள், அதன் சாறு உரமாகவே விற்கிறது. லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் போக வேண்டாம், அதுவும் தொழு உரத்துக்குப் பதில் ஆகாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைபாடாக இருக்கலாம், அதற்கு நுண்ணூட்டக் கலவை தனியாகவே மலிவாகக் கிடைக்கிறது.

ஏற்கெனவே உப்பு போட்டுவிட்டீர்களா? தொட்டி அடி ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மழைத் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ அடியில் நன்றாக வழிகிற வரை இரண்டு மூன்று தடவை ஊற்றுங்கள். உரத்தையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.