பையன் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: தென்கொரியாவில் கத்தோலிக்கக் குருவாகப் படிக்கும் குருமாணவர்களைத் தாங்குவதற்கென்றே பங்குக்குப் பங்கு, அதாவது ஒவ்வொரு கோயில் வட்டாரத்திலும், குருக்கள் அல்லாத பொதுநிலையினரின் குழுக்கள் வளர்ந்து நிற்கின்றன என்று படித்தேன். எங்கள் பங்கிலும் இரண்டு வருடமாக அப்படி ஒரு குழு நடத்துகிறோம். வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய், முதல் வெள்ளி செபமாலை, நல்ல குடும்பத்துப் பிள்ளைகளாகப் பார்த்துப் பேசவும் செய்கிறோம். ஒரு பையன்கூட குருமடத்துக்குப் போகவில்லை. எங்கே தவறுகிறோம்?
(வாசகர் ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: "நல்ல குடும்பத்துப் பிள்ளைகளாகப் பார்த்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான்.

நல்ல குடும்பம் என்றால் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று நம் மறைமாவட்டத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதில் மூண்ட தகராறு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போனது. அது வேறு எங்கோ நடந்ததில்லை, புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உள்ளேதான். உங்கள் குழு போய்க் கதவைத் தட்டும் வீடுகளில் காலனிப் பக்கம் எத்தனை வீடு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம்.

சரி, கொரியாவுக்கு வருவோம். அங்கே பங்குகளில் இந்தக் குழுக்கள் இருப்பது உண்மை. மாதச் சந்தா, மாதம் ஒரு திருப்பலி, குருவாகும் அழைப்புக்காகச் செபிக்கிற இறையழைத்தல் ஞாயிறன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குருமடத்தைச் சுற்றிக் காட்டுவது என்று ஒழுங்காக நடத்துகிறார்கள். 1935ல் சியாட்டிலில் நாலு பேர் தொடங்கிய, இறையழைத்தலைத் தாங்கும் பொதுநிலையினர் சங்கமான செர்ரா சங்கமும் அங்கே உண்டு. ஆனால் குழு வளர்ந்தால் குருமடம் நிறையும் என்று நீங்கள் போட்ட கணக்கு அங்கேயே பொய்த்துப்போகிறது. 2023ல் அந்த நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. குருமாணவர் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு ஒரே பையன், அவனையும் அனுப்பு என்றால் எந்தத் தாய் அனுப்புவாள்? (நம் ஊரிலும் இப்போது ஒன்று, இரண்டுதான்.)

கொரியாவிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அந்தத் திருச்சபையைத் தொடங்கியதே பொதுநிலையினர். 1784ல் இ சங்-ஹுன் பெய்ஜிங் போய் ஞானஸ்நானம் வாங்கி வந்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். அதன்பிறகு சீனத்திலிருந்து ஒரு சாமியார் ஒளிந்து வந்து சேரவே பத்து வருடம் ஆனது, கிறிஸ்தவத்தைத் தடைசெய்த அரசு அவரையும் 1801ல் கொன்றுவிட்டது. அப்புறம் பவுல் ஜோங் ஹா-சங் என்ற குடும்பஸ்தர்கூட ஆகாத ஒரு சாதாரண விசுவாசி, எங்களுக்குக் குரு வேண்டும் என்று கேட்க ஒன்பது தடவை பெய்ஜிங் போய் வந்தார். 1836ல் மூன்று பையன்களைப் படிக்க மக்காவ் அனுப்பினார்கள், அவர்களில் ஒருவர்தான் 1845ல் முதல் கொரியக் குருவான ஆந்திரேயா கிம். மறுவருடமே தலை போனது. அந்த ஆரம்ப காலத்திலேயே சீமோன் ஹ்வாங் இல்-குவாங் என்று ஒருவர் இருந்தார், மாடு அறுக்கும் பெக்ஜோங் சாதி, அந்த நாட்டில் மனிதக் கணக்கிலேயே சேராத சாதி. பெரிய வீட்டு விசுவாசிகள் அவரைக் கூடத்துக்குள் அழைத்து உட்கார வைத்தார்கள். எனக்கு இரண்டு மோட்சம், ஒன்று இங்கேயே கிடைத்துவிட்டது என்ற பொருளில் சொல்லிக்கொண்டிருந்தாராம். 2014ல் அவரும் அருளாளர் ஆனார், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி. சந்தா நோட்டெல்லாம் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்த விஷயம்.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1889ல் நாகசாகியிலிருந்த ஆயர் கூசென், படிக்க வரும் பையன்களைக் காசில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று எழுதிய கடிதத்தைப் படித்துத்தான் பிரான்சில் ழான் பிகாரும் அவர் தாயும் மிஷன் நாட்டுக் குருமாணவர்களுக்கு உதவும் புனித பேதுரு சபையைத் தொடங்கினார்கள். அந்த ஆயர் சேர்ந்திருந்த பாரிஸ் மிஷன்தான் 1776 முதல் நம் புதுச்சேரியிலும் வேலை பார்த்தது. நூறு ரூபாய் வீண் போகாது, வாங்குங்கள்.

ஆனால் நீங்கள் தாங்குவது குருவையா, பையனையா? குருப்பட்டம் என்றால் ஊரே திரள்கிறது. ஃப்ளெக்ஸ், மேளம், முதல் நன்றித் திருப்பலி, எண்ணெய் பூசிய உள்ளங்கையை முத்தமிட வரிசை, பிரியாணி. அதே தெருவில் ஏழு வருடம் படித்துவிட்டு, இது எனக்கு ஒத்துவராது என்று யோசித்து முடிவெடுத்து, தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற பையனுக்கு என்ன வரவேற்பு? "என்னப்பா, துரத்திட்டாங்களா?" அவ்வளவுதான். பீடத்தில் வாசகம் வாசிக்கக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. அம்மா பூசைக்குக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, ஆசீர் முடியுமுன்பே எழுந்து போய்விடுகிறாள். பெண் பார்க்கப் போனால், "மடத்தை விட்டு வந்தவராமே, ஏனாம்?" என்று நாலு வருடம் கழித்தும் கேட்கிறார்கள். இதையெல்லாம் பக்கத்து வீட்டுத் தாய் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். போனால் பத்துப் பன்னிரண்டு வருடம், வந்தால் அவமானம் என்றால், உங்கள் செபமாலைக்கு 'ஆமென்' சொல்லிவிட்டுத் தன் மகனை இன்ஜினியரிங்கில்தான் சேர்ப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இறையழைத்தல் என்பது போவதற்கு மட்டும் இல்லை, இருந்து பார்த்துத் தெளிவதற்கும்தானே அந்தப் பயிற்சியே. திருச்சபை அதை ஒத்துக்கொள்கிறது, நம் தெரு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

உங்கள் பங்கில் அப்படித் திரும்பி வந்தவர் ஒருவராவது இருப்பார். அவர் வீட்டுக்குப் போங்கள், குழுவில் சேரச் சொல்லுங்கள், பையன்களிடம் பேச அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்களிடம் கிடையாது. அடுத்த கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காமல் காலனியில் வையுங்கள். கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள், யார் சாக்குச் சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள், பெயரை எடுத்துவிட்டு இதே பக்கத்தில் போடுகிறேன்.